மனச்சோர்வு மாத்திரை: கொழும்புப் பிள்ளைகளும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

நமது தோட்டங்களிலிருந்து வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளுக்கும், கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும், வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகள் ஏராளம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் லீவில் வரும்போது, சிலருடைய பையில் கிளினிக் கொப்பியும் ஒரு மாத்திரைக் கவரும் இருக்கிறது. கேட்டால் "தலைவலி மாத்திரை" என்று மறைக்கிறார்கள். விஷயம் தெரிந்த வீட்டாரோ, "இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்து, போட்டால் விட முடியாது" என்று பயந்து நிறுத்தச் சொல்கிறார்கள். மறைப்பதும் ஆபத்து, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே இந்த மாத்திரையைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

மனச்சோர்வு என்றால் என்ன?

கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது, எதிலும் விருப்பமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பு அசதி, "நான் எதற்கு உயிரோடு இருக்கிறேன்" என்ற எண்ணம் இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது நோய். சோம்பேறித்தனம் அல்ல, செய்வினையும் அல்ல. கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. நேர்த்தியும் வையுங்கள், டொக்டரையும் பாருங்கள்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

1950களில் சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டறிந்தார். அமிட்ரிப்டிலின் அதே குடும்பத்து மருந்து. பிறகு வந்த புளுவொக்சடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செட்ரலினும் அந்த வகைதான். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் போன்ற பொருட்கள் கூடுதலாகக் கிடைக்க இவை உதவுகின்றன.

பனடோல் போட்டால் அரைமணியில் தலைவலி குறைகிற மாதிரி இது குறையாது. நாள்தோறும் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியும். சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். "பத்து நாள் போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறவர்கள் மாதிரி.

சிறிய அளவு அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்கும், அடிக்கடி வரும் தலைவலிக்கும் கூடக் கொடுப்பார்கள். கொப்பியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

பெயரில் ஏமாறாதீர்கள்

ஒரே மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அதன் மருந்துப் பெயரிலும், தனியார் பார்மசியில் கம்பனிப் பெயரிலும் கிடைக்கும். நமது நாட்டில் மருந்துகளை மருந்துப் பெயரிலேயே எழுத வேண்டும் என்று பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரசாங்க மருந்தகக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. ஆஸ்பத்திரி மாத்திரையோடு, வெள்ளவத்தையில் வாங்கிய வேறு பெயர் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால், ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கியதாகிவிடலாம். எங்கே மருந்து எடுத்தாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

பக்க விளைவுகள்

புளுவொக்சடின், செட்ரலின்: முதல் ஓரிரு வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றோட்டம், தூக்கக் குறைவு, படபடப்பு, வியர்வை வரலாம். பெரும்பாலும் தானாகவே குறையும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தாம்பத்திய விருப்பம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின்: வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம், எழும்போது தலைசுற்றல் வரும். அமிட்ரிப்டிலின் தூக்கமும் தரும், அதனால் இரவில் போடச் சொல்வார்கள். காலையில் படுக்கையில் சற்று உட்கார்ந்துவிட்டு எழும்புங்கள். மருந்து தொடங்கிய நாட்களில் சரிவு மலையில் கொழுந்தெடுப்பவர்களும், கவாத்துக் கத்தி பிடிப்பவர்களும், இயந்திரத்தில் நிற்பவர்களும் அவதானமாக இருக்க வேண்டும். கண் அழுத்த நோய், இருதய நோய் உள்ளவர்கள் முதலிலேயே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

1. உயிரை விடும் எண்ணம் கூடுவது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் இப்படி வரலாம் என்று 2007 முதல் அமெரிக்க மருந்து அதிகாரசபை எச்சரிக்கிறது. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.
2. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு.
3. கடும் காய்ச்சல், நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்து வருவது.
4. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், கறுப்பாக மலம் போவது, வலிப்பு.

எதனோடு சேர்க்கக் கூடாது?

சாராயம், கசிப்பு இரண்டும் வேண்டாம். மயக்கம் கூடும், மனச்சோர்வும் கூடும். டைக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவற்றைப் புளுவொக்சடினோடு சேர்த்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். டிராமடோல் என்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து. முதுகு வலிக்கு மருந்து எடுக்கப் போகும்போது, "நான் இந்த மாத்திரையும் போடுகிறேன்" என்று சொல்லத் தவற வேண்டாம். நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தாங்களாக நிறுத்தாமல் டொக்டரிடமும் மருத்துவமாதுவிடமும் பேசுங்கள்.

நிறுத்துவது எப்படி?

இந்த மாத்திரை போதைப் பொருள் அல்ல. ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, உடம்பில் மின்சாரம் பாய்கிற மாதிரி உணர்வு வரும், நோயும் திரும்பலாம். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகு டொக்டர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த முறை இரண்டாகப் போடாதீர்கள்.

லீவில் மலைநாட்டுக்கு வரும்போதுதான் பலருக்கு மாத்திரை தீர்ந்துபோகிறது. பஸ் ஏறுவதற்கு முன் நாட்களை எண்ணி, மேலும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்து வாருங்கள். தீர்ந்தால் கிளினிக் கொப்பியோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

பூட்டி வையுங்கள்

1995இல் நமது நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளுக்குத் தடை வந்த பிறகு, பத்து ஆண்டுகளுக்குள் அந்தத் தொகை ஏறக்குறையப் பாதியானது. கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாவிட்டால், கோபமும் துக்கமும் ஆறும் வரை உயிர் தப்புகிறது என்பதே இதில் நாம் படிக்கும் பாடம். மாத்திரைக்கும் இது பொருந்தும். அமிட்ரிப்டிலினை அளவுக்கு மீறி விழுங்கினால் இருதயம் நின்றுவிடலாம். ஆகவே லயத்து அறையில் தட்டில் வைக்காமல் பெட்டியில் பூட்டி, சாவியை ஒரு பெரியவர் வைத்திருக்க வேண்டும். தினமும் அன்றைய மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைத்து நேரம் போக்காமல், வெற்றுக் கவரையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

எங்கே போவது?

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியும், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு களுபோவில ஆஸ்பத்திரியும் கிட்ட. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. அங்கொடையில் தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது. அதன் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அம்புலன்சுக்கு 1990. மலைநாட்டில் கண்டி, நுவரெலியா, பதுளை பெரியாஸ்பத்திரிகளில் விசாரியுங்கள்.

பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மாத்திரை போடுவதை நாம் யாரும் மறைப்பதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து பிள்ளை போன் எடுக்கும்போது "சம்பளம் வந்ததா" என்று கேட்பதோடு, "சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை இருக்கிறதா" என்றும் கேளுங்கள்.