இரண்டு சுங்கை லாலாங்: கூகுள் எதைக் காட்டுகிறது?

சுங்கை லாலாங் கெடாவில் மட்டுமல்ல, சிலாங்கூரில் செமினிக்கு அருகிலும் உண்டு. இரவில் அவசரமாகக் கிளினிக் தேடும்போது தேடுபொறி ஊரை மாற்றிப் புரிந்துகொண்டால், 300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிளினிக்கின் தொலைபேசி எண் திரையில் வந்து நிற்கும்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்திருந்தால் ஊர் பெரும்பாலும் சரியாக வரும். அதை அடைத்துவிட்டால் ஐபி எனப்படும் இணைய முகவரியை வைத்து ஊகிப்பார்கள். அப்போது பீடோங்கில் இருப்பவர் கோலாலம்பூர்வாசியாகிவிடவும் கூடும். 'இன்காக்னிட்டோ'வில் தேடினாலும் ஐபி மறையாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு அமைப்புகள், தள அமைப்புகள், இருப்பிடம் என்று போனால் (மலாயில் 'தெத்தாப்பான்', 'லோக்காசி') எந்தத் தளத்துக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பது தெரியும். வரைபடத்துக்குக் கொடுக்கலாம். வட்டிக்கடன் விளம்பரத் தளத்துக்கு நம் வீடு இருக்கும் இடம் எதற்கு? அனுமதியை மூடியவர்கள் ஊர்ப் பெயரோடு 'பீடோங் 08100' என்று சேர்த்துத் தேடினால், செமினி குறுக்கே வருவது குறையும்.

ஆனால், ஒரு பொத்தானை அணைத்ததும் எல்லாம் நின்றுவிடாது. 'இருப்பிட வரலாறு' நிறுத்தப்பட்ட பிறகும் 'இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு' வழியாகக் கூகுள் இடத்தைப் பதிவு செய்ததை 2018-இல் ஏபி செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. இவ்விவகாரத்தில் 2022-இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 391.5 மில்லியன் டாலர் தர கூகுள் இணங்கியது. அந்த இரண்டாவது பொத்தான் குரோமின் இருப்பிடப் பகுதியில் இல்லை. கூகுள் கணக்கின் தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது.