எக்ஸிட் போல் கணக்கை எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, “இது ஆபீஸ் கணக்கு எழுதுபவர்களுக்கு” என்று மூடிவிடுகின்றனர். அவர்களுக்காக ஒரு தேர்தல் கணக்கை எடுத்துக் கொள்கிறேன்.

2024 அக்டோபர் 5 அன்று ஹரியானா சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. அன்று மாலை வெளியான எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை காங்கிரஸ் கட்சிக்குத் தெளிவான வெற்றி என்றன. 8ஆம் தேதி எண்ணியபோது 90 இடங்களில் பா.ஜ.க. 48, காங்கிரஸ் 37. முடிவை ஏற்க முடியாது என்று காங்கிரஸ் அறிவித்தது. மின்னணு இயந்திரங்களின் பேட்டரி பற்றிப் புகார் கொடுத்தது. தேர்தல் ஆணையம் அந்தப் புகார்களை மறுத்தது. என்னிடம் பலர் கேட்ட கேள்வி இதுதான்: “சார், இத்தனை கணிப்புகளும் ஒரே பக்கம் சொன்னதே, அப்படியானால் எண்ணியதில்தானே தவறு இருக்க வேண்டும்?”

பதிலை நீங்களே கண்டுபிடிக்கலாம். பா.ஜ.க. பெற்ற வாக்குகள் 39.94 சதவீதம், காங்கிரஸ் 39.09. வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்லை.

எக்ஸெல்லில் முதல் செல்லில் சமக்குறி அடித்து, ராண்ட் என்ற பங்ஷன் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து, உள்ளே எதுவும் இல்லாத அடைப்புக் குறிகளைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். 0க்கும் 1க்கும் இடையே ஏதோ ஓர் எண் வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து 1,000ஆவது வரிசை வரை இழுத்து விடுங்கள். வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திக் கேட்ட 1,000 பேர் தயார். 0.3994க்குக் குறைவான எண் பா.ஜ.க. வாக்கு, அதிலிருந்து 0.7903 வரை காங்கிரஸ், மீதி மற்றவர்கள். கவுண்ட்இஃப் பங்ஷன் மூலம் ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது எப்9 கீயைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் புதிய 1,000 பேர் வருவார்கள். பத்து முறை தட்டினால் மூன்று, நான்கு முறை காங்கிரஸ் முந்தும். எவரும் பொய் சொல்லவில்லை, எந்த இயந்திரமும் கெடவில்லை. 10,000 வரிசை ஆக்கினாலும் சுமார் ஆறில் ஒரு முறை இப்படி வரும்.

இது குருட்டு அதிர்ஷ்டத்தால் வரும் பிழை. அப்படியானால் எல்லாக் கணிப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்தது எப்படி? ஆளைக் கூட்டினாலும் தீராத பிழை இன்னொன்று உண்டு. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் எக்ஸிட் போல் ஜான் கெர்ரி முந்துவதாகக் காட்டியது. வென்றவர் ஜார்ஜ் புஷ். ஒஹையோ மாநில முடிவு பற்றி அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே ஆட்சேபம் எழுந்தது. கணிப்பை நடத்தியவர்கள் 2005 ஜனவரியில் தந்த அறிக்கையில், கெர்ரிக்கு வாக்களித்தவர்கள் பதில் சொல்ல அதிகம் முன்வந்திருக்கலாம் என்றார்கள். நூற்றுக்கு 56 கெர்ரி ஆதரவாளர்களும் 50 புஷ் ஆதரவாளர்களும் பதில் சொல்லியிருந்தால் போதும். 1,000 பேரில் புஷ்ஷுக்கு 507, கெர்ரிக்கு 483 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். கையில் கிடைக்கும் படிவங்களில் புஷ் 254, கெர்ரி 270! டிவியில் சுழலும் வண்ணப் பெட்டிகள் இதைச் சொல்வதில்லை.

எண்ணிக்கையைச் சந்தேகிக்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அதற்குச் சாட்சி எக்ஸிட் போல் அல்ல. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்று எழுதிய 17சி படிவத்தின் நகல் கட்சி ஏஜெண்டுகளுக்குத் தரப்படுகிறது. எண்ணும்போது இயந்திரம் காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப் போக வேண்டும். அந்த மொத்தம் யாருக்கு எவ்வளவு என்று பிரிந்ததைச் சோதிக்க, தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து விவிபாட் சீட்டுகளை எண்ணுகிறார்கள். ஐந்து போதுமா என்ற வாதம் நியாயமானது. அதைத்தான் நாம் பேச வேண்டும்.

சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்குகள் என்ற விவரம் படிவம் 20இல் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணைய தளத்தில் உங்கள் தொகுதிக்கான பைலை டவுன்லோட் செய்திடுங்கள். பல பைல்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் காப்பி, பேஸ்ட் வேலை செய்யாது. எண்களைக் கையால்தான் டைப் செய்ய வேண்டும். உங்கள் தெருவின் சாவடியிலிருந்து தொடங்குங்கள்.