அந்நியனும் தேர்வடமும்

ஸ்பெயின் தேசத்தின் வடபுறத்திலுள்ள பாம்ப்லோனா நகரில், ஜூலை 6-ஆம் தேதி நண்பகலில் நகர மண்டபத்து மாடத்திலிருந்து ஒரு வாணம் சீறிக் கிளம்பியதும், வெள்ளை உடுத்துச் சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பெருந்திரளான ஜனங்கள் ஆரவாரித்து, 14-ஆம் தேதி நள்ளிரவு வரையில் தெருக்களையே தங்கள் வீடாக்கிக்கொள்கிறார்கள். சான் பெர்மின் என்னும் அந்த உற்சவத்தில் காலை 8 மணிக்குக் காளைகள் குறுகிய வீதிகளின் வழியே ஓடிவருவதும், 1860-இல் செய்யப்பட்ட எட்டுப் பேருருவ ராஜா ராணிப் பொம்மைகள் வாத்தியத்துக்கு இசைய ஆடிவருவதும் உலகப் பிரசித்தம். 1923-இல் அங்கே முதன்முதலாகப் போன அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, 1926-இல் வெளியிட்ட நாவலால் அந்தப் பிரசித்தியைப் பன்மடங்கு பெருக்கினார். பாஷை தெரியாத அந்நியனையும் கைப்பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் தெரு எப்படி இருக்கும் என்று அறிய விரும்பும் வாசகர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் அரியலூர், பெரம்பலூர்ச் சீமைக்கு வந்தால் போதும்.

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்த மானாவாரி பூமியில், அறுவடை முடிந்து காடு வெறிச்சென்று கிடக்கும் வேளையும், பிழைப்பைத் தேடி வெளியூர் போன பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையும், தெய்வங்கள் தெருவுக்கு எழுந்தருளும் வேளையும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

அரியலூருக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். அங்கே மூலவர் சங்கு சக்கரம் தரித்த விக்கிரகம் அல்லர். அடியில் ஆஞ்சநேயர் உருவம் அமைந்த நெடிய கற்றூண் ஒன்றையே ஜனங்கள் பெருமாளாக வணங்குகிறார்கள். காணாமற்போன சினைப்பசுவைத் தேடிச் சென்ற குடியானவர் ஒருவர், அது கன்று ஈன்று, இந்தத் தூணின்மேல் பாலைச் சொரிந்து நின்றதைக் கண்டார் என்பது ஸ்தல வரலாறு. பசுவினால் வெளிப்பட்ட தெய்வமாதலால், ராமநவமியன்று தொடங்கும் உற்சவத்துக்கு வருகிற விவசாயிகள் கன்றையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டும், விளைந்த நெல்லையும் கம்பையும் வரகையும் மூட்டை கட்டிக்கொண்டும் வந்து காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். தம் உழைப்பின் பலனைத் தம் தோளிலேயே சுமந்து வந்து இறக்கும் அந்தக் காட்சியைக் காட்டிலும் கம்பீரமான ஊர்வலம் ஒன்றை நான் அறியேன்.

தேர்நாளில் வெளியூரான் முதலில் தடுமாறித்தான் போவான். அதிர்வேட்டும் தவிலும் ஒருபுறம், ராட்டினமும் வளையற்கடையும் பொரிகடலைக் குவியலும் மறுபுறம், நடுவே நீர்மோர்ப் பந்தலில் தம்ளரை நீட்டி வற்புறுத்தும் கைகள். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள், அதை எந்தக் கணத்தில் எந்தச் சாய்வில் செருகினால் அவ்வளவு பெரிய தேர் முனை திரும்பும் என்பதைத் தந்தையரிடமிருந்து கற்றவர்கள். அவர்கள் கணக்கு ஒரு சாண் தவறினாலும் உயிருக்கே அபாயம். வடம் பிடிப்பதற்கோ அத்தகைய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. காமிராவோடு ஒதுங்கி நிற்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து, “சும்மா நிக்கிறீங்களே சார், வந்து ஒரு கை பிடிங்க” என்று யாராவது ஒரு பெரியவர் கூப்பிட்டால், மறு நிமிஷம் அவரும் ஊராரில் ஒருவர்.

அம்மன் கோயில் விழாக்களின் இறுதியில் நடக்கும் மஞ்சள் நீராட்டு இன்னும் விசேஷமானது. ஸ்பெயினில் புன்யோல் என்னும் சிற்றூரில், ஆகஸ்டு மாதக் கடைசிப் புதன்கிழமையன்று, தக்காளிப்பழங்களை எவரும் எவர்மேலும் எறியலாம். நம் ஊரிலோ மஞ்சள் நீருக்கு முறை உண்டு. மாமன், மச்சான், அத்தை மகன், கொழுந்தன் என்று உறவு பார்த்துத்தான் குடம் கவிழும். ஆகவே முறையில்லாத அந்நியனை நனைக்க விரும்புகிறவர்கள் முதலில் அவனை “மாமா” என்று அழைத்துவிடுகிறார்கள். உறவு கொடுத்த பிறகே குறும்பு செய்யும் இந்த வழக்கத்தைப் புன்யோலின் கட்டற்ற கொண்டாட்டத்தைவிட உயர்ந்த நாகரிகமாகவே நான் மதிக்கிறேன்.

அந்நியர் ஒருவர் இந்தச் சீமையில் எவ்வளவு ஆழமாக வேர்விட முடியும் என்பதற்குக் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சி சாட்சி. 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1711-ஐ ஒட்டித் தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியார், இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, வீரமாமுனிவர் என்று தமிழர் போற்றும் நிலையை அடைந்தார். நம் புலவர்கள் தங்கள் தெய்வங்களைப் பாடிய கலம்பகப் பிரபந்த வகையிலேயே அவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். திருவிழாவை ஓரத்தில் நின்று பார்ப்பவரால் இயலக்கூடிய காரியமன்று அது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. ஆயிரம் மைல் கடந்து வந்தவனுக்கு எளிதில் திறக்கும் தெரு, அடுத்த தெருக்காரனுக்குச் சில இடங்களில் திறப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து வி. களத்தூரில், கோயில் ஊர்வலம் எந்தெந்தத் தெருக்களின் வழியே செல்லலாம் என்பது பற்றி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நீடித்த தகராறு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, பொதுத் தெருவை மதத்தைக் காரணம் காட்டி மறுக்கலாகாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று. சிவகங்கைச் சீமையின் கண்டதேவியிலோ, தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2024-இல் போலீஸ் காவலோடு தேர் ஓடிற்று. வெள்ளைக்காரரை வடம் பிடிக்க அழைக்கும் அதே குரல், சேரியிலிருந்து வந்தவனையும் அதே உரிமையோடு அழைக்கவேண்டும். பக்கத்துத் தெரு முஸ்லிம் பெரியவரின் வாசலில் ஊர்வலம் நிற்கும்போது, அவர் கையாலும் மோர் வாங்கிக் குடிக்கவேண்டும்.

போக விரும்புவோர்க்கு: விழுப்புரம்–திருச்சி கார்டு ரயில் பாதையில் அரியலூரில் இறங்கினால் கல்லங்குறிச்சி அருகிலேயே இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் செல்வோர் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்க விரும்பினால், சாதாரண நாட்களில் அக்கோயில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வெறுங்காலோடு நடக்க நேரும், பகலில் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கும். ஆதலால் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம்.