மௌனம் திருப்தியின் அடையாளமல்ல

"உங்கள் ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்களா?" என்று கேட்டால் எமது முதலாளிமார் பலர் "ஒரு குறையுமில்லை" என்பார்கள். எப்படித் தெரியும் என்றால், "இதுவரை யாரும் முறையிட்டதில்லையே" என்பார்கள். எமது கடைகளில் வேலை செய்வோரில் பலர் ஊர்ப் பிள்ளைகள், உறவினர்கள். வாப்பாவும் முதலாளியும் பழக்கம் என்பதால் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு நாள் சொல்லாமலே வேலையை விட்டு விடுவார்கள். தொழில் பழகிய கையை இழந்த பிறகுதான் எமக்கு விளங்கும்.

ஸ்டொக்கை எண்ணிப் பார்க்கும் நாம் ஊழியரின் மனநிலையையும் ஓரளவு அளந்து பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932ஆம் ஆண்டில் இதற்கு இலகுவான முறையொன்றை முன்வைத்தார். ஒரு கூற்றைக் கொடுத்து, 'முற்றாக உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரையுள்ள ஐந்து விடைகளில் ஒன்றுக்கு அடையாளமிடச் செய்வதே அது. விடைகளுக்கு 5 முதல் 1 வரை புள்ளிகள்.

கூற்றுகள் ஐந்து விடயங்களைத் தொட்டால் போதும்: செய்யும் வேலை, சம்பளம், முன்னேறும் வாய்ப்பு, முதலாளி நடத்தும் விதம், சக ஊழியர். "என் பிழையைத் தனியாக அழைத்துத்தான் சொல்கிறார்கள்" என்பது போல் எளிமையாக இருக்கட்டும். சிங்களம் வாசிப்போருக்குச் சிங்களத்திலும் கொடுங்கள். பெயர் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். அடையாளம் மட்டும் இட்டு, மடித்து ஒரு டின்னில் போடட்டும். அந்நேரம் முதலாளி அங்கே நிற்கக் கூடாது. பெருநாள் நெருக்கடியிலோ போனஸ் கொடுத்த மறுநாளோ கேட்டால் சரியான விடை வராது.

கணக்குப் பார்ப்பதில் கவனம் தேவை. எட்டுப் பேருள்ள புடவைக் கடையொன்றில் வேலைக்கு 4, சம்பளத்துக்கு 3, முன்னேற்றத்துக்கு 3, முதலாளி நடத்தும் விதத்துக்கு 2, சக ஊழியருக்கு 4 என்று வந்தால் மொத்தச் சராசரி 3.2. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது அந்த 2ஐத்தான். நால்வர் 5உம் நால்வர் 1உம் கொடுத்தாலும் சராசரி 3தான். அக்கடை உண்மையில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

இது வியாபாரத்தோடு முடியும் விடயமல்ல. 485 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வொன்று, வேலைத் திருப்தி குறைந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. எல்லாவற்றுக்கும் கடைதான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டுக் கவலையோடு வருபவரும் குறைந்த புள்ளி இடலாம். ஆனாலும் விசாரிக்க அது போதிய காரணம்.

சில விடயங்களுக்குக் கருத்துக் கேட்கத் தேவையில்லை. சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுப்பதும், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் எமது பங்காகச் செலுத்துவதும் கடமைகள்.

யார் எந்தப் புள்ளி இட்டார் என்று ஒருபோதும் தேடாதீர்கள். குறைந்த புள்ளி பெற்ற ஒரு விடயத்தையாவது ஒரு மாதத்துக்குள் திருத்துங்கள். ஆறு மாதத்தின் பின் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். திருத்தும் எண்ணம் இல்லையென்றால் கேட்காமலிருப்பதே நல்லது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த முறை உண்மை வராது.