இளைத்த உடம்புக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதம் எடை மெஷின்தான் உலகம். 120 கிலோ 110 ஆகிறது, 100 ஆகிறது. சர்க்கரை மாத்திரை குறைகிறது, குறட்டை நிற்கிறது. கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள், “அடையாளமே தெரியலையே!” என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது கையூன்ற வேண்டியிருக்கிறது. “உடம்பு லேசாத்தான் இருக்கு டாக்டர், ஆனா தெம்பே இல்ல” என்பது இந்தச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன புகார்.

மெஷின் மொத்த எடையைத்தான் சொல்லும். போனதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய்போல ஆக்குவது ‘ஸ்லீவ்’ முறை. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது ‘பைபாஸ்’. எதுவானாலும் முதல் சில வாரங்களில் உள்ளே போவது கொஞ்சம் கஞ்சியும் சூப்பும்தான். வரவு இவ்வளவு குறைந்தால் உடல் கொழுப்பை மட்டும் கரைத்துக்கொண்டிருக்காது. தசையிலுள்ள புரதத்தையும் எடுத்துச் செலவழிக்கும். இத்துறை ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022இல் வெளியான ஓர் அலசலின்படி, முதல் ஆண்டில் கொழுப்பல்லாத எடை சராசரியாக 8 கிலோ குறைகிறது. அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடுகிறது.

இந்த 8 கிலோவைப் பார்த்து அலறவும் வேண்டாம். அதில் தண்ணீர் இருக்கிறது, சுருங்கிய உள்ளுறுப்புகளின் எடையும் இருக்கிறது. தவிர, 130 கிலோவை வருடக்கணக்கில் சுமந்த கால்கள் அதற்கேற்பப் பருத்திருக்கும். சுமை இறங்கினால் அவையும் ஓரளவு இளைப்பது இயல்பு. ஆனால், சிக்கல் நம்மைப்போன்ற இந்தியர்களுக்குத்தான் கூடுதல். புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த தம் நண்பர் யுட்கினுடன் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றுதான்: 22.3. ஆனால், யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பிலேயே தசையின் கையிருப்பு குறைவு. அதிலிருந்து எடுத்துச் செலவழித்தால் என்ன மிஞ்சும்?

புரதம் குடித்தால் சரியாகிவிடும் என்பதுதான் பலரின் நம்பிக்கை. பாரிஸில் ழான்-மிஷேல் ஒப்பேர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்ட பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு, அடுத்ததற்குக் கூடுதலாகப் புரதப் பவுடர், மூன்றாவதற்குப் பவுடரோடு எடை தூக்கும் பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று குழுவிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. ஆனால் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் மட்டும் கூடியிருந்தது. தசை இளைக்க இளைக்கவே பலம் ஏறியிருக்கிறது! பலம் என்பது தசையின் பருமனை மட்டும் பொறுத்ததில்லை. எத்தனை தசை நார்களை நரம்பு ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்தப் பழக்கம் பவுடர் டப்பாவில் கிடைக்காது.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்த, 2021இல் வெளியான ஆய்வில் பெண்கள் அறுவை சிகிச்சைக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் தொடைத் தசை நார்கள் மீண்டும் பருத்திருந்தன.

பயிற்சி முக்கியம் என்பதற்காகப் புரதத்தை ஒதுக்கிவிட முடியாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்கின்றன வழிகாட்டு நெறிகள். ஒரு முட்டையில் 6 கிராம். முட்டையை மட்டும் நம்பினால் பத்து வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் கொள்ளாத இரைப்பையில் இட்லியும் ரசம் சாதமும் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால் மீனுக்கும் பனீருக்கும் சுண்டலுக்கும் இடமேது? புரதம் முதலில், சோறு கடைசியில், தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. நம் பந்தி வரிசைக்கு இது தலைகீழ். சைவர்களுக்குப் பவுடர் இல்லாமல் கணக்கு நேராவது கடினம்தான்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுகிறார்கள். பலர் அந்த நடையோடு நின்றுவிடுகிறார்கள். இதயத்துக்கு நடை நல்லது, தொடைக்குப் போதாது. வயிற்றுத் தையலில் குடலிறக்கம் வராமலிருக்க நான்கு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது. பிறகு மருத்துவரின் சம்மதத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டை இழுப்பது என்று வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்யலாம். சுலபமாகிவிட்டால் கனத்தைக் கூட்டவேண்டும். கூட்டாத பயிற்சியால் பலம் ஏறாது.

எல்லாத் தளர்ச்சியையும் பயிற்சிக் குறைவு என்று தள்ளிவிடவும் கூடாது. ஓயாத வாந்தியோடு கால் மரத்துத் தடுமாறினால் அது தயமின் பற்றாக்குறையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய விஷயம். பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி குறைந்தாலும் உடம்பு தளரும். சத்து மாத்திரையை நிறுத்தியவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பலத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் செயல்திறன் குறைவு. ஒவ்வொரு மாதமும் எடை எழுதும் நோட்டிலேயே பக்கத்தில் இந்த விநாடியையும் குறித்துக்கொண்டு போனால், அடுத்த பரிசோதனையில் தெம்பைப் பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.