ஸ்கூட்டி ஓட்டினவரை ரேஸ் பைக்ல ஏத்தலாமா? போர் விமானிகளைப் பழக்கும் விமானங்களின் கதை!

ஓசூர்ல இருந்து தளி போற ரோட்டுல, பேளகொண்டப்பள்ளி பக்கம் ஒரு ரன்வே இருக்கு, பார்த்திருக்கீங்களா? தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் சொந்த ஓடுதளம் அது. பெங்களூரு என்.ஏ.எல் வடிவமைத்த 'ஹன்சா' என்ற ரெண்டு சீட் பயிற்சி விமானங்கள் இங்கேதான் தயாராகின. ஆனால், ஹன்சா ஃப்ளையிங் கிளப்களுக்கானது. போர் விமானிகள் பழகும் விமானங்களின் கதை, இங்கிருந்து சுமார் 40 கி.மீ தள்ளி, பெங்களூரு ஹெச்.ஏ.எல்-லில் தொடங்குகிறது.

அதுக்குன்னு தனி விமானம் எதுக்கு?

டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதே லாஜிக்தான். பயிற்சி விமானத்தில் ரெண்டு பேருக்கும் கன்ட்ரோல் உண்டு. மாணவர் தப்பு செய்தால் ஆசிரியர் உடனே கையில் எடுத்துக்கொள்வார். விமானமும் சின்னத் தப்புகளைத் தாங்கணும். அதேநேரம், ரொம்ப சாதுவாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது மாணவர் திணறிப்போவார். இந்த பேலன்ஸ்தான் வடிவமைப்பாளர்களுக்குச் சவால்.

முதல் படி

வி.எம்.காட்கே தலைமையில் உருவான ஹெச்.டி-2, 1951 ஆகஸ்ட்டில் பறந்தது. சுதந்திர இந்தியா தானே வடிவமைத்துத் தயாரித்த முதல் பயிற்சி விமானம் இது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும் சின்ன புரொப்பல்லர் விமானம். அடுத்து, 1964-ல் 'கிரண்' என்ற ஜெட் வந்தது. இதில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்து சீட். சூர்யகிரண் சாகசக் குழு 2011 வரை பறக்கவிட்டது இதைத்தான்.

22 வருஷக் காத்திருப்பு

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருந்தது. கிரணில் பழகியவர்கள் நேராக மிக்-21-க்குப் போனார்கள். தரையிறங்கும்போதே மணிக்கு 300 கி.மீ-க்கு மேல் வேகம். ஸ்கூட்டியில் இருந்து இறக்கி, ரேஸ் பைக்கில் ஏற்றின மாதிரி!

நடுவில் ஒரு ஜெட் கட்டாயம் வேண்டும் என்று 1982-லேயே லா ஃபோன்டைன் குழு பரிந்துரைத்தது. பிரிட்டனின் 'ஹாக்' விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். பீதர் விமானப்படைத் தளத்தில் அது சேர்ந்தது 2008-ல். இடைப்பட்ட காலத்தில் மிக்-21 விபத்துகளில் இளம் விமானிகள் பலர் இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் பயிற்சி இடைவெளி மட்டுமே காரணம் இல்லைதான். ஆனாலும், அதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இன்ஜின் நின்னா என்ன ஆகும்?

ஹெச்.டி-2-க்குப் பதிலாக வந்தது ஹெச்.பி.டி-32 'தீபக்'. பறக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும் பிரச்னை இதை விடவே இல்லை. விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் எஜெக்‌ஷன் சீட்டும் இதில் கிடையாது. 17 விபத்துகள், 19 விமானிகள் பலி. 2009 ஜூலையில் ரெண்டு பயிற்சியாளர்கள் இறந்த பிறகு, மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அதனால், முதல் படிக்கே விமானம் இல்லாத நிலை. கிரணிலேயே ஆரம்பப் பயிற்சியும் நடந்தது. பிறகு சுவிட்சர்லாந்தில் இருந்து 75 பிலாட்டஸ் விமானங்கள் வாங்கப்பட்டு, 2013-ல் வரத் தொடங்கின.

பம்பரம் டெஸ்ட்

விமானம் வேகம் குறைந்து, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கீழே விழுவதற்குப் பெயர் 'ஸ்பின்'. மாணவர் இதில் மாட்டினாலும் மீண்டு வரவேண்டும். பயிற்சி விமானத்துக்குக் கடினமான பரீட்சை இதுதான். கிரணுக்கு மாற்றாக 2003-ல் பறந்த 'சிதாரா', இந்த டெஸ்ட்டில்தான் பல வருஷம் சிக்கிக்கொண்டது. வாலின் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். 2025-ல் 'யஷஸ்' என்று பெயரும் மாறியது.

2016-ல் பறந்த ஹெச்.டி.டி-40, ஸ்பின் டெஸ்ட்டைத் தாண்டிவிட்டது. விமானம் தரையில் நிற்கும்போதுகூட வேலை செய்யும் எஜெக்‌ஷன் சீட் இதில் உண்டு. 70 விமானங்களுக்கு, 6,800 கோடி ரூபாய்க்கு மேல் 2023-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. விமானப்படைக்கான உற்பத்தி வரிசையின் முதல் விமானம் 2025 அக்டோபரில் பெங்களூரில் பறந்தது.

நீங்களும் ஓட்டலாம்!

பிளஸ் டூ-வில் கணிதம், இயற்பியல் படித்த பட்டதாரியா? வயசு 20-ல் இருந்து 24-க்குள்ளா? விமானப்படையின் 'ஏஎஃப்கேட்' தேர்வு எழுதலாம், பெண்களும்தான். தேர்வானால், உங்களுக்குச் சொல்லித்தரப்போகும் ஆசிரியர், அநேகமாக நம்ம தாம்பரத்தில் பாடம் படித்தவராக இருப்பார். விமானப்படையின் பறக்கும் பயிற்சியாளர்களை உருவாக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது.