மறுதலித்தவர்கள் திரும்பி வந்தபோது

பேதுருவின் மறுதலிப்பு சென்ற வாரம் பேசப்பட்டது. அது தனி மனிதர் ஒருவர் ஓரிரவில் வீழ்ந்து, பின்னர் தம் ஆண்டவராலேயே நேரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. ஒரு நகரத்துச் சபையில் பெரும்பாலோர் ஒரே காலத்தில் வீழ்ந்துவிட்டால் அவர்களைத் திரும்பச் சேர்க்கும் உரிமை யாருடையது என்ற கேள்வி, மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் முழுக் கனத்தோடு எழுந்தது.

249இல் உரோமைப் பேரரசரான தேசியஸ், குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டார். அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டு, படையலில் ஒரு வாய் உண்டவருக்கு அதை உறுதிசெய்யும் சான்று எழுதித் தரப்பட்டது. எகிப்தில் பாப்பிரஸ் தாள்களில் இத்தகைய சான்றுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, வலது புருவத்தில் தழும்புள்ள 72 வயது முதியவர் ஒருவருடையது. கார்த்தேஜில் நடந்ததை அந்நகர ஆயர் சிப்ரியான் மனம் கசந்து பதிவுசெய்திருக்கிறார்: யாரும் பிடித்திழுக்கும் முன்னரே பலர் தாமாகவே பொதுமன்றத்துக்கு விரைந்தனர், பொழுது சாய்ந்ததால் அதிகாரிகள் மறுநாள் வரச் சொன்னபோது, அன்றே முடித்துத் தரும்படி மன்றாடியவர்களும் இருந்தனர்.

இவ்வாறு விசுவாசத்திலிருந்து தவறியோர் இலத்தீனில் 'லாப்சி', அதாவது வீழ்ந்தோர், எனப்பட்டனர். பலியிட்டவர், தூபம் மட்டும் இட்டவர், எதுவும் செய்யாமல் பணமோ செல்வாக்கோ கொண்டு சான்றை மட்டும் பெற்றவர் என்று அவர்களுக்குள்ளும் வேறுபாடு பார்க்கப்பட்டது. போனா என்ற பெண்ணைக் கணவனே இழுத்துச் சென்று கைகளைப் பிடித்துப் பலியிட வைத்தான் என்றும், செய்தது தானல்ல என்று அவள் அங்கேயே கூவி, அதனால் நாடு கடத்தப்பட்டாள் என்றும் சிப்ரியானின் மடல் தொகுப்பில் உள்ள ஒரு கடிதம் கூறுகிறது. அவளை வீழ்ந்தோர் கணக்கில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஆயினும் இத்தகைய வழக்குகளையும் ஆயர்கள் ஆராய்ந்தே தீர்க்க வேண்டியிருந்தது.

சிறையில் வதைபட்டும் மறுதலியாதவர்கள் அறிக்கையாளர் எனப் போற்றப்பட்டனர். வீழ்ந்தோர் பலர் அவர்களை அணுகிப் பரிந்துரை மடல்களைப் பெற்று, தாமதமின்றி நற்கருணைக்குத் திரும்ப விரும்பினர். சில மடல்களில் ஒருவர் பெயரோடு 'அவரைச் சேர்ந்தவர்கள்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்ததால், எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதற்கு வரையறையே இல்லாமல் போயிற்று. சிப்ரியான் இதை மறுத்தார். அவரோ துன்புறுத்தல் தொடங்கியதும் தலைமறைவாகி, கடிதங்கள் வழியே சபையை நடத்தியவர். தப்பிச் சென்றவர் சிறைப்பட்டோரின் சொல்லைத் தள்ளுகிறார் என்ற முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. எனினும் அவரது வாதம் வலுவானது: காயத்தை ஆற்றாமல் மூடிவிடுவது இரக்கமாகாது என்பதே அதன் சாரம்.

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், சான்றை மட்டும் பெற்றவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம் என்றும், பலியிட்டவர்கள் நெடுங்காலத் தவமுயற்சியில், அதாவது சபையறிய மனம் வருந்தி வாழும் ஒழுங்கில், இருந்து மரணத் தறுவாயில் ஒப்புரவு பெறலாம் என்றும் முடிவுசெய்தது. இந்த இரண்டாம் முடிவு நீடிக்கவில்லை. கல்லுஸ் பேரரசரின் ஆட்சியில் மற்றொரு துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றியபோது, தவமுயற்சியில் இருந்த அனைவரையும் உடனே சேர்க்க ஆயர்கள் இசைந்தனர். கிறிஸ்துவுக்காகக் குருதி சிந்த அழைக்கப்படுவோருக்கு அவருடைய கிண்ணத்தை மறுப்பது எப்படி என்று அவர்கள் கேட்டனர். இதைக் கொள்கைத் தளர்ச்சி என்று சிலர் கருதக்கூடும். வீழ்ந்தவர்களை மறுபடியும் நிற்கக்கூடியவர்களாக மதித்த துணிவு என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது. சிப்ரியானும் 258இல் ஒளியாமல் நின்று வாளுக்குத் தலை கொடுத்தார்.

அலெக்சாந்திரியாவில் இதே கேள்வி ஒரு படுக்கையருகே தீர்ந்தது. பலியிட்டுவிட்டுப் பலமுறை கெஞ்சியும் ஏற்கப்படாத செராப்பியோன் என்ற முதியவர், மூன்று நாள் பேச்சற்றுக் கிடந்து நான்காம் நாள் நினைவு திரும்பியதும் பேரனைக் குருவிடம் அனுப்பினார். நோயுற்றிருந்த குரு இரவில் வர இயலாமல் நற்கருணையில் சிறு துண்டைச் சிறுவனிடம் கொடுத்து, நனைத்து முதியவரின் வாயில் இடச் சொன்னார். அதை விழுங்கியதும் அவர் உயிர் பிரிந்தது. அந்நகர ஆயர் தியோனீசியு இதை எழுதி அனுப்பியதன் நோக்கம், வீழ்ந்தோருக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று வாதிடுவதே.

உரோமையில் நோவாசியன் என்ற குரு இதற்கு நேர்மாறாக, மறுதலித்தவரைச் சபை எக்காலத்திலும் சேர்க்கலாகாது எனப் பிரிந்து சென்றார். அவரைப் பின்பற்றியோர் தூய சபை என்ற பெயரில் நூற்றாண்டுகள் நிலைத்தனர். 325இல் நிக்கேயாவில் கூடிய பொதுச்சங்கம், அப்பிரிவின் குருக்கள் திரும்பி வர விரும்பினால், துன்புறுத்தலில் வீழ்ந்து மீண்டவர்களோடு உறவு கொள்வதாக எழுதித் தர வேண்டும் என்று தன் எட்டாம் விதியில் கட்டளையிட்டது.

(தொடரும்)